பதினொரு கைகளும் ஒரு தையல் மிஷினும்

ஆலங்கரை சிநேகச் சேவைச் சங்கத்துக்காரர்களின் கைகள் தையல் மிஷினில் ஒட்டிக்கொண்ட வருஷம் என்றால் ஊரில் இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம்தான் வாய்க்காலில் மே மாதமே தண்ணீர் வந்தது, அந்த வருஷம்தான் தபால் ஆபீஸ் புளியமரம் சாய்ந்தது, அந்த வருஷம்தான் வெகுகாலமாக முகம் பார்க்காமல் இருந்த மேலத்தெரு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள் என்று, பிள்ளை பிறந்ததையும் வீடு கட்டியதையும் அதை வைத்தே அடையாளம் சொல்வார்கள். கைகள் ஏன் ஒட்டின என்று யாரும் கேட்பதில்லை. ஒட்டின, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது என்பதுதான் கதை.

சங்கத்தின் செயலாளர் கோமதிநாயகம் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். நின்றால் ஒரு கால் ஆடும், உட்கார்ந்தால் இரண்டு காலும் ஆடும், கல்யாணப் பந்தியில் இலைக்குச் சோறு வருவதற்குள் எழுந்துபோய் அடுத்த வரிசைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பார். மனைவி சிவகாமி இருந்தவரைக்கும், "செத்த நேரம் சும்மா இருங்களேன்" என்று முழங்காலைப் பிடித்து அமுக்குவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அமுக்க ஆளில்லை. மகளைக் கட்டிக்கொடுத்ததோ மஸ்கட்டில். வாரத்தின் மற்ற நாட்களைக் கடையும் கணக்கும் தின்றுவிடும், சனிக்கிழமை சாயங்காலம்தான் அவருக்கு ஆகாது. சிவகாமியும் அவரும் கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்ட நேரம் அது. அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் நுழைய அவருக்குப் பயமாக இருந்தது. பேய்க்கெல்லாம் பயப்படுகிற ஆளில்லை அவர், ஆள் இல்லாத நாற்காலிக்குத்தான் பயந்தார்.

சங்கத்தின் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம். ஆகவே சங்கம் இருந்தால்தான் அவர் இருந்தார்.

சங்கம் செய்யாத சேவை இல்லை. சித்திரையில் பேருந்து நிலையத்தில் நீர்மோர்ப் பந்தல், ஆடியில் கண் சிகிச்சை முகாம், ஐப்பசியில் அரசுப் பள்ளிக்கூடத்தில் மரக்கன்று நடுவது. கன்றை வருஷாவருஷம் ஒரே குழியில்தான் நடுவார்கள், ஏனென்றால் அந்தக் குழிக்குப் பின்னால்தான் பேனர் கட்ட இரண்டு கம்பம் இருந்தது, ஆடும் வருஷாவருஷம் அங்கேயேதான் வந்து மேயும். எதைக் கொடுத்தாலும் போட்டோ உண்டு, போட்டோவில் எல்லோர் கையும் கொடுக்கிற பொருளைத் தொட்டிருக்க வேண்டும் என்பது சங்கத்தின் எழுதாத சட்டம். ஒருமுறை ஒரு பாட்டிக்கு ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்தபோது, அதைத் தொடப் பதினாறு பேர் முண்டியதில் கண்ணாடி நெளிந்து, பாட்டி அதற்குப் பிறகு உலகத்தையே கொஞ்சம் சாய்வாகத்தான் பார்த்தாள்.

அந்தப் பதினாறு பேர் பதினாலாகி, பதினாலு பதினொன்றானது. சென்னையிலுள்ள தலைமைச் சங்கத்தின் விதிப்படி இருபது தலை இல்லாத ஊரில் சங்கம் நடத்த முடியாது. ஜூன் மாத முதல் சனிக்கிழமைக்குள் இருபது சேராவிட்டால் சங்கத்தின் மாவட்ட ஆளுநர் ராமபத்ரன் மதுரையிலிருந்து நேரில் வந்து, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிற அங்கீகாரப் பட்டயத்தைக் கழற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். கோமதிநாயகம் ஏறாத படியில்லை. "சனிக்கிழமையா அண்ணாச்சி? எனக்கு சனி ஆவாதே" என்றான் செல்போன் கடைக்காரன். "சேவைதானே, மனசால செய்யுதேன்" என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார். பஸ் கண்டக்டர் திரவியம், "நம்மளுக்கு எங்க அண்ணாச்சி நேரம், உக்காரவே நேரமில்ல" என்று நின்றபடி சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். காலையில் கைகூப்பும் படம் போடுவார்கள், கூப்பிய கையோடு அங்கேயே இருந்துவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் மே மாதக் கடைசியில், ஆவுடைத்தங்கம் என்ற பெண்ணுக்குத் தையல் மிஷின் வழங்கும் விழா வந்தது. ஆவுடைத்தங்கத்துக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் லாரியோடு போனவன், லாரி மட்டும் திரும்பி வந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலையை அலையாய் அலைந்து பிடித்திருந்தாள். பள்ளி திறக்கிற திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலை டவுன் தையல்காரனுக்குப் போய்விடும், அப்புறம் எந்த வருஷமும் அவளுக்கு வராது. விழா மேடையில் அவளை ஓரமாக நிறுத்திவிட்டு மிஷினைச் சுற்றிச் சங்கம் நின்றது. தலைவர் செல்வின்துரை, கல்யாண மண்டபம் வைத்திருந்தவர், மிஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர் இழுப்பறையைப் பிடித்தார். மற்றவர்கள் மேசையைப் பிடித்தார்கள். மைக்கைச் சரிசெய்துவிட்டு ஓடிவந்த கோமதிநாயகத்துக்குக் கை வைக்க இடமில்லை, ஆகவே குனிந்து, கீழே பெடல் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

"கை தெரிஞ்சாத்தான் சார் குடுத்த மாதிரி இருக்கும், நல்லா அழுத்தி வைங்க" என்றான் போட்டோக்காரன் மிக்கேல். வெளிச்சம் அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கையை எடுக்கப் பார்த்தார்கள், வரவில்லை.

எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், கோமதிநாயகத்தின் கடையிலிருந்தே டர்பன்டைன் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்தார்கள். தோல் சிவந்ததுதான் மிச்சம். ஒரு மணி நேரம் பொறுத்த ஆவுடைத்தங்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் மிஷினுக்குத்தானே மனுப் போட்டேன், இம்புட்டு ஆம்பளைகளுக்குப் போடலியே" என்றாள். "எனக்கு வேலை கெடக்கு. தூக்குங்க, நடங்க."

பதினொரு பேரும் மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார்கள். சப்பரம் வருகிறது என்று நினைத்து பூக்காரி ஒரு கை பூவை எடுத்துப் போட்டாள், ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், விஷயம் தெரிந்த பிறகும் போட்ட பூவை யாரும் திரும்ப எடுக்கவில்லை. ஆவுடைத்தங்கத்தின் வீடு ஒரே அறை. அதற்குள் பதினொரு பேர் எப்படிக் கொள்ளும்? வாசலில் தகரம் வேய்ந்த பந்தலில் இறக்கினார்கள். அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கீழே குனிந்து, "அண்ணாச்சி, கைய நசுக்கிறப் போறேன், பாத்து" என்று பெடலில் கால் வைக்கப் போனாள். அதற்குள் பெடல் தானாக ஆடியது. கோமதிநாயகத்தின் கைதான். கால் ஆட இடமில்லாமல் தரையில் மடங்கிக் கிடந்ததால் அவருடைய படபடப்பெல்லாம் கைக்கு இறங்கிவிட்டிருந்தது. பெடல் ஆட, சக்கரம் சுற்ற, சக்கரத்தில் ஒட்டிய தலைவரின் கையும் சுற்ற, ஊசி இறங்கி ஏற, முதல் சட்டையின் முதல் தையல் விழுந்தது. ஆவுடைத்தங்கம் காலை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே கை விடுபடுகிற வழியும் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் செய்யது பாத்திமா ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள், இஞ்ச் டேப் இருக்கிற இழுப்பறையைப் பல் டாக்டர் மறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "தள்ளுங்க டாக்டரே" என்று கை வைத்தாள். டாக்டரின் கை பொசுக்கென்று வந்துவிட்டது, பாத்திமாவின் கை ஒட்டிக்கொண்டது. டாக்டர் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பாத்திமா போட்ட சத்தத்தில் அவள் புருஷன் வந்தார், அவர் கை வைக்கப் பாத்திமா விடுபட்டாள், அவரை விடுவிக்க மைத்துனன் வந்தான். ஒரு கை வந்தால்தான் ஒரு கை போகும் என்று ஊருக்குப் புரிந்தது.

புரிந்ததும் ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் வீட்டார் ஆள் தேடி அலைந்தார்கள். கோமதிநாயகம் வருஷக்கணக்கில் ஏறிய அதே படிகளில் ஏறி, அவர் கேட்ட அதே காரணங்களைக் கேட்டார்கள். ஆனால் ஒட்டிக்கொண்டவன் வீட்டுப் பெண் வாசலில் வந்து அழுகிறபோது சனி ஆகாது என்று சொல்ல முடியாதல்லவா? ஒருவர் வந்தார், அவருக்காக இன்னொருவர் வந்தார். அரைமணி நேரம் உட்கார்ந்தார்கள், பேப்பர் படித்தார்கள், டீக்கடைப் பால்ராஜ் அங்கேயே ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். சக்கரத்தில் கை வைக்கிற இடத்துக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்கள் முண்டியடித்தார்கள், இரண்டு நாள் சுற்றினால் சுளுக்கு விட்டுப்போகிறது என்று பேச்சு பரவி, பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். பெண் பார்க்க வந்த குடும்பமும் பெண் வீட்டாரும் எதிரும் புதிருமாகக் கை வைத்து உட்கார்ந்தார்கள், பாதியில் கோபித்து எழுந்து போக வழியில்லாததால் கல்யாணம் நிச்சயமானது. மேலத்தெரு அண்ணன் தெரியாமல் வந்து உட்கார்ந்த இடத்துக்கு நேரெதிரே தம்பி ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் இருவரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள். இரண்டாம் நாள் அண்ணன், "உனக்கு அந்த மூச்சுத் தொந்தரவு இப்ப எப்படி இருக்கு" என்று மிஷினைப் பார்த்துக் கேட்டார். தம்பி மிஷினைப் பார்த்தே பதில் சொன்னார். ராத்திரி முறைக்கு மில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் பாய் கொண்டுவந்தார்கள்.

சங்கத்தின் பத்து பேர் மட்டும் வரவில்லை. விடுபட்டுப் போகும்போது ஒவ்வொருவரிடமும் கோமதிநாயகம் தரையிலிருந்தபடி, "நாளைக்கு வருவீங்கள்லா" என்று கேட்டார். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். பிறகு தலைவருக்கு ரத்த அழுத்தம் என்று செய்தி வந்தது, டாக்டருக்கு இடமாற்றம் என்று செய்தி வந்தது, ஒருவர் எதுவும் சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினார். ஆட்சேர்க்கப் புறப்பட்டவரிடம் இப்போது சங்கம் என்று மிஞ்சியது அவர் ஒருவர்தான். பெடலில் கை வைத்துத் தரையில் உட்கார யாருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குளிக்க, சாப்பிட, கொஞ்சம் தூங்கப் பால்ராஜ் மட்டும் வந்து கை வைத்து அவரை விடுவிப்பார், ஆனால் பால்ராஜின் கை அமைதியான கை, பெடல் அசையாது. "அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்று ஆவுடைத்தங்கம் பந்தலிலிருந்து சத்தம் போடுவாள். கோமதிநாயகம் ஈரத்தலையோடு ஓடிவருவார். அடிக்க ஒரு கை கேட்டால் ஊரே வரும், கொடுக்க ஒரு கை கேட்டால் ஊர் உறங்கும் என்று நினைத்திருந்தவர், இப்போது ஊரே கை கொடுப்பதைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தும் அவருக்கு மனசு ஆறவில்லை. இவர்கள் ஒருவரும் சங்கம் இல்லையே, சனிக்கிழமை நெருங்குகிறதே, பட்டயம் போனால் அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள மிஷின் வேகமாக ஓடியது.

ஜூன் முதல் சனிக்கிழமை மத்தியானம் ஆளுநர் ராமபத்ரன் காரில் வந்து இறங்கினார். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். சங்க அறைக்குப் போய்ப் பட்டயத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பந்தலுக்கு வந்தார்.

"எத்தனை உறுப்பினர், செயலாளரே?"

கோமதிநாயகம் மேசையைச் சுற்றியிருந்தவர்களைக் காட்டினார். "இவங்கதான் சார். இன்னும் முறைக்கு நிறையப் பேரு வருவாங்க."

"ஐயையோ, நாங்க மெம்பர்லாம் இல்ல சார்" என்றார் கண்டக்டர் திரவியம், காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தவர். "சும்மா கை வச்சிருக்கோம்."

"மெம்பர்னா கூட்டத்துக்கெல்லாம் வரணுமே, நமக்கு எங்க நேரம்" என்றாள் பாத்திமா, அவளுக்கு அது அந்த வாரத்தில் நான்காவது முறை. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் இல்லை என்று தலையாட்டினார்கள்.

ராமபத்ரன் பெருமூச்சு விட்டார். கை ஒட்டுகிறது என்று அவரிடமும் சொல்லியிருந்தார்கள், பட்டயத்தைக் காப்பாற்ற இந்த ஊர்க்காரர்கள் கட்டிய கதை என்று நினைத்துக்கொண்டார். "சரி, சங்கத்தின் கடைசி நிகழ்ச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். மிக்கேல் தயாராக நின்றான். "சார், நீங்களும் ஒரு கை வைங்க சார், கை தெரிஞ்சாத்தான்..." நாற்பது வருஷமாக எந்தப் பொருளைக் கண்டாலும் கை வைத்துப் பழகியவர் ராமபத்ரன். மேலே இடமில்லை. கோட்டு நுனியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பெடலை நோக்கிக் கையை நீட்டினார். வேண்டாம் சார் என்று சொல்லக் கோமதிநாயகம் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வெளிச்சம் அடித்தது. கோமதிநாயகத்தின் கை விடுபட்டது. மிஷின் நின்றது.

ஆளுநர் முதலில் சிரித்தார், பிறகு இழுத்தார், பிறகு இன்னொரு கையால் செல்போனை எடுத்தார். மாவட்டத்தில் அவருக்குக் கீழே எண்பது சங்கம் இருந்தது. ஒவ்வொரு தலைவரையும் கூப்பிட்டு, ஒரே ஒரு ஆளை அனுப்பு, ஒரு மணி நேரம் போதும் என்றார். "இன்னைக்கு சனிக்கிழமையாச்சே சார்" என்றது ஒரு குரல். "மனசெல்லாம் அங்கதான் சார் இருக்கு" என்றது இன்னொன்று. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது. கோமதிநாயகம் கைகளைத் தொங்கப் போட்டு நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தனையும் அவருக்கு மனப்பாடமான வாக்கியங்கள், அடுத்த சொல் என்ன வருமென்றுகூடச் சொல்லியிருப்பார். கோட்டு வியர்வையில் நனைந்து தரையில் மடங்கியிருந்த மனுஷனைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

"யோவ் செயலாளர்" என்றார் ராமபத்ரன், குரல் உடைந்து. "பட்டயத்தை நீரே வச்சுக்கும். இருபது வேண்டாம், ஒண்ணுகூட வேண்டாம். என்னை எடுத்து விட்டுரும்."

கோமதிநாயகம் அவர் கக்கத்திலிருந்த பட்டயத்தைப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் ஸ்டூலிலிருந்து ஆவுடைத்தங்கம் கத்தினாள். "அந்தக் கண்ணாடிச் சட்டத்தப் பத்தி அப்புறமாப் பேசுங்க. இன்னும் ஏழு சட்டை கெடக்கு, திங்கக்கெழம பள்ளிக்கூடம், என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிய? உக்காருங்க அண்ணாச்சி!"

அவர் உட்கார்ந்தார். யோசிக்கவில்லை, பேரம் பேசவில்லை, முழங்கால் தானாக மடங்கியது, கை பெடலுக்குப் போனது, மிஷின் ஓடத் தொடங்கியது. ராமபத்ரன் எழுந்தார். ஓடினார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடைத்தெருவைத் தாண்டிப் போயே போய்விட்டது. ஆவுடைத்தங்கம் தைத்தாள், ஒன்று முடித்து இன்னொன்று, காலர் வைத்து, கை வைத்து, பை வைத்து, பெடல் ஆட, சக்கரம் சுற்ற, வெயில் தகரத்திலிருந்து இறங்கி மண்ணுக்கு வந்தது.

கடைசிச் சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "முடிஞ்சுது" என்றாள்.

அப்போது எல்லோர் கையும் விடுபட்டது. சத்தமில்லாமல், ஒரே நேரத்தில். உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கோமதிநாயகம் தட்டுத்தடுமாறி எழுந்து, ஆளுநர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பட்டயம் இல்லை. பதட்டத்தில் அந்த மனுஷன் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

"சங்கம் போயிட்டு" என்றார். சனிக்கிழமை, சாயங்காலம் வந்துகொண்டிருக்கிறது, கை சும்மா இருக்கிறது. இனி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அழுகை வந்தது, மறைக்கத் தோன்றவில்லை.

ஒருவரும் எழுந்து போகவில்லை. பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், பால்ராஜ் டீ ஆற்றினார். திரவியம் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, அடுத்த சனிக்கிழம எத்தன மணிக்கு?"

"எதுக்கு?"

"இதுக்குத்தான்."

"கைதான் வந்துட்டேய்யா."

"வந்தா என்ன? தம்பி பாதிக் கதையில நிறுத்தியிருக்கான்" என்றார் மேலத்தெரு அண்ணன். "ஆனா ஒண்ணு, மெம்பர் கிம்பர்னு மட்டும் சொல்லாதீங்க. அது நமக்கு ஆவாது."

கோமதிநாயகம் இத்தனை காலம் ஊரெல்லாம் போய்ச் சொன்ன நேரம் அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது கடிகாரம் கட்டாத மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இங்கன யாரும் வரப்படாது, சொல்லிட்டேன்" என்றாள் ஆவுடைத்தங்கம், சட்டைகளை மடித்தபடி, தலையைத் தூக்காமல். "எனக்கு வாசல் வேணும். அண்ணாச்சி வீடுதான் ஆளில்லாமக் கெடக்கே, அங்க போங்க." ஒரு சட்டையை உதறி மடித்தாள். "நானும் வாரேன். மிஷினத் தூக்கிட்டு வரச் சொல்லாதீங்க."

"இன்னைக்கே போனா என்ன?" என்றாள் பாத்திமா.

அண்ணாச்சி வீட்டில் இருந்தது இரண்டு டம்ளர். ஒன்று சிவகாமியுடையது, அதை அவர் எடுப்பதில்லை. அது நினைவுக்கு வந்ததும் அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே கடைத்தெருவுக்கு ஓடினார், பாத்திரக்கடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓடினார். கடைக்காரர் பாதி இறக்கியிருந்த ஷட்டரை மேலே தள்ளினார்.

"டம்ளர் வேணும்."

"எத்தன பேருக்கு அண்ணாச்சி?"

பதினாறு, பதினாலு, பதினொன்று, ஒன்று என்று தலைகளை எண்ணியே தலை நரைத்தவர் கோமதிநாயகம். கல்லாவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார், கால் ஆடிக்கொண்டிருந்தது.

"தெரியலியேப்பா" என்றார். "நெறையப் போடு."